பின்வாங்கும் இடத்தில் ஓர் இணைப்பு

மேல்சித்தாமூரில் நிலம் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் அதைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஊரைக் கேட்பதற்கு முன் அந்தப் படிவம் மண்டலத்தைக் கேட்கிறது. மேல்சித்தாமூர் செஞ்சிப் பக்கத்து ஊர். அது இருக்கும் விழுப்புரம் மாவட்டம் 1993-லேயே கடலூரிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. பதிவுத் துறைக்கோ இன்றும் அந்த ஊர் கடலூர் மண்டலம். அதைத் தாண்டினால் பதிவு மாவட்டம், பிறகு சார்பதிவாளர் அலுவலகம், அதற்கும் பிறகுதான் ஊரும் புல எண்ணும் உட்பிரிவும். துறையின் நிர்வாக அடுக்கு அப்படியே திரையில் ஏறியிருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவருக்கு இது பழகிய வரிசை. ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் கையில் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒவ்வொரு படியும் ஊகம்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க நிபுணர் குழு தேவையில்லை. வருகிறவர்கள் தடுமாறும் இடங்களைப் படித்தாலே போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த், யிங்ஹுய் யாங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2001-லேயே இதற்கு வழி சொன்னார். தேடும் தகவல் எங்கே இருக்கும் என்று ஒருவர் நினைக்கிறாரோ, அங்கே போய்ப் பார்க்கிறார். இல்லையென்றால் பின்வாங்கி வேறு பக்கம் போகிறார். அந்தப் பின்வாங்கும் இடத்தில்தான் இணைப்பு இருந்திருக்க வேண்டும். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் உலாவி தன் நினைவிலிருந்தே பழைய பக்கத்தைக் காட்டிவிடும். சர்வருக்குச் செய்தி போகாமலும் இருக்கலாம்; அப்போது அதன் வருகைப் பதிவில் அந்தத் திரும்பல் நேரடியாகத் தெரியாது. ஆனால் ஒருவர் அடுத்தடுத்துத் திறந்த இரண்டு பக்கங்களுக்கு இடையே இணைப்பே இல்லையென்றால், நடுவில் அவர் திரும்பியிருக்கிறார் என்று கண்டுகொள்ளலாம். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியின் இணையதளத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

பெரும்பான்மையினரின் பழக்கத்தைப் பின்பற்றினால் அரிதாகத் தேடப்படுபவை புதைந்துபோகும் என்று ஒரு கவலை உண்டு. எது அதிகம் பார்க்கப்படுகிறது என்று மட்டும் எண்ணினால் அது நடக்கும். இங்கே எண்ணப்படுவது தடுமாற்றம். சிலரே தேடும் பக்கத்துக்குப் போகிறவர்களும் ஒரே இடத்தில் திரும்பினால் அது வருகைப் பதிவில் தெரியும். அடிக்கடி மாறும் பட்டியல் குழப்பும் என்பதும் நியாயமே. அதனால் எதையும் இடம் மாற்ற வேண்டாம், ஒரு வழியைக் கூட்டினால் போதும்: ஊர்ப் பெயரைத் தட்டினால் மண்டலத்தை இயந்திரமே கண்டுபிடிக்கட்டும், பழைய வரிசையும் இருக்கட்டும். 'மேல் சித்தாமூர்' என்று பிரித்து எழுதினாலும் அது ஊரைக் காட்ட வேண்டும். தனியுரிமையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தடுமாற்றத்தை அறிய யாருடைய பெயரும் கைபேசி எண்ணும் தேவையில்லை. அவற்றை இந்த வருகைப் பதிவோடு சேர்ப்பதையே தடுக்க வேண்டும்.

எனக்குக் கடினமாகத் தோன்றும் எதிர்வாதம் வேறு. கிராமத்தில் பலர் இ-சேவை மையத்துக்கோ கணினி மையத்துக்கோதான் போகிறார்கள். அங்கே இருப்பவருக்கு வழி மனப்பாடம். அவர் தடுமாறுவதில்லை, எனவே வருகைப் பதிவைப் பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படும். ஒரே கணினியிலிருந்து நாள் முழுக்க வரும் தேடல்களைத் தனியே ஒதுக்கி, முதன்முறை வருபவர்களின் தடத்தையும், பாதியில் கைவிட்டவர்கள் எந்தப் பெட்டியோடு நின்றார்கள் என்பதையும் துறை தனியாகப் படிக்க வேண்டும். மண்டலப் பெட்டியிலேயே நின்றுபோனவர்களின் எண்ணிக்கையைப் பதிவுத் துறை மாதந்தோறும் வெளியிடட்டும்.