வழிமுறை இல்லா விடைக்கு மதிப்பெண்ணா?

வழிமுறை காட்டாத கணக்கிற்கு நான் முழு மதிப்பெண் வழங்குவதில்லை. தேர்தலில் மட்டும் கணினி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டுமாம்!

2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4096 வாக்குகளைக் கூடுதலாகக் காட்டியது. பெறவே இயலாத எண்ணிக்கை என்பதால் பிழை அகப்பட்டது. வாக்குகள் பதிந்த காந்த அட்டைகளை மீண்டும் எண்ணித் திருத்தினர். கூடியவை சில வாக்குகளே ஆயின், யார் கண்டிருப்பார்?

2005 தேர்தலில் பயன்பட்ட வாக்கு இயந்திரங்கள் அரசியலமைப்பிற்கு ஒவ்வாதவை என 2009-இல் செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில்நுட்பம் அறியாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்றது. என் நிலையும் அதுவே.

கணினி எண்ணட்டும், தாளில் சான்று இருக்கட்டும், மனிதர் சரிபார்க்கட்டும். நான்காம் ஆண்டு மாணவனிடம் ஏற்காததை அரசிடம் ஏற்கலாமா?