முதல்ல காதுல விழட்டும்

போன வருஷம் மே மாசம் எங்க அம்மாயிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு வேலை குடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாயியால காபி இல்லாமக்கூட இருக்க முடியும், பேப்பர் இல்லாம முடியாது. செமஸ்டர் லீவுக்குக் கோபிசெட்டிபாளையம் போயிருந்த என்கிட்ட பேப்பரை நீட்டி, "கண்ணு, நீ படிச்சுக் காட்டு"ன்னாங்க.

மூணாவது வரியில மாட்டிக்கிட்டேன். 'நிர்ணயிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது' மாதிரி ஏதோ ஒண்ணு. எழுத்துக் கூட்டி அதை முடிக்கறதுக்குள்ள வாக்கியம் எங்க ஆரம்பிச்சதுன்னே மறந்துபோச்சு. பக்கத்துல மொபைலோட உட்கார்ந்திருந்த சித்தி பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். கோயம்புத்தூர்ல இங்கிலீஷ் மீடியம், அப்பதான் ஏழாவது முடிச்சிருந்தான். கோவத்துல பேப்பரை அவன் கையில திணிச்சேன். அவன் முதல் வரியிலேயே நின்னுட்டான்.

அம்மாயி படிச்சது அஞ்சாவது வரைக்கும். ஆனா நான் தப்பும் தவறுமா ஆரம்பிச்ச வார்த்தையை அவங்க பாதியிலேயே பிடிச்சு முழுசாக்கினாங்க. பத்து வருஷத்துக்கு மேல தமிழை ஒரு பாடமா படிச்சு, மனப்பாடப் பகுதியெல்லாம் ஒப்பிச்சு, நல்ல மார்க்கும் வாங்கின எனக்கு அது முடியல. வெட்கமாத்தான் இருந்துச்சு. ஏன்னு யோசிச்சப்பதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

வாசிப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ற கஃப், டன்மர்னு ரெண்டு பேர் 1986-ல ஒரு எளிய சமன்பாடு சொன்னாங்க. எழுத்தை அடையாளம் கண்டு ஒலியா மாத்தற திறமை ஒண்ணு. காதால கேட்டா அந்த மொழி புரியற திறமை இன்னொண்ணு. வாசிச்சுப் புரிஞ்சுக்கறதுங்கறது இந்த ரெண்டோட பெருக்கல். கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு ஜீரோன்னா விடையும் ஜீரோ. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க இதை ஆண்ட் கேட்னு வச்சுக்கலாம்.

தமிழ்ல இதுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. நாம பேசற தமிழ் வேற, புத்தகத்துல இருக்கற தமிழ் வேற. வீட்டுல 'போயிட்டான்'னு கேட்டு வளர்ற பையனுக்கு, கதையில 'சென்றுவிட்டான்'னு வருது. எழுத்துத் தமிழை யாரும் வீட்டுல பேசறதில்ல. அப்ப அது காதுல விழறது எப்படி?

அம்மாயிக்கு விழுந்திருக்கு. கோயம்புத்தூர் வானொலியில தினமும் செய்தி. கோயில் நோம்பியில அண்ணன்மார் கதை, உடுக்கையடிச்சு ராத்திரி ராத்திரியா. கட்சிக் கூட்டங்கள்ல மேடைப் பேச்சு. பழைய படங்கள்ல ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம வர்ற வசனம். எழுத்துத் தமிழோட நடை அவங்க காதுல ஏற்கனவே இருக்கு, பேப்பர்ல அதைக் கண்ணு அடையாளம் கண்டுக்குது, அவ்வளவுதான். என் தலைமுறைக்கு இதுல எதுவுமே கிடைக்கல. என் தம்பிக்குக் கிடைக்கறது டப்பிங் அனிமேவும் ஐபிஎல் தமிழ் கமென்ட்ரியும். (கமென்ட்ரியைக் கேலி பண்ண மாட்டேன். அதுல வர்ற எல்லா ஃபீல்டிங் இடமும் அவனுக்கு அத்துப்படி. காதுக்கு எவ்வளவு சக்தி இருக்குன்னு அதுவே சாட்சி.)

அதனாலதான் சொல்றேன், ஆறாவது ஏழாவது படிக்கற பசங்களை லீவுல 'புத்தகம் படி'ன்னு தனியா ஒரு மூலையில உட்கார வைக்கறதுல அர்த்தமில்ல. முதல்ல படிச்சுக் காட்டுங்க.

அந்த லீவுல சித்தி அவனுக்கு ஒரு சார்ட் ஒட்டியிருந்தாங்க. இருபது கட்டம், இருபது புத்தகம், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரியில சுருக்கம், கீழே கையெழுத்து. அவன் பின்னட்டையைப் பார்த்து நாலு கட்டம் நிரப்பியிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல, நாம லேப் ரெக்கார்ட் எழுதற லட்சணம் நமக்குத் தெரியும்.

பேப்பர் மூணு நாள்ல அலுத்துப்போச்சு. அம்மாயி பரண்ல இருந்து பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுக்கச் சொன்னாங்க. படம் பார்த்திருந்ததால வந்தியத்தேவன்னு பேரைக் கேட்டதும் இவன் மொபைலைக் கீழ வச்சான். 1950-ல இருந்து 1954 வரைக்கும் கல்கியில வாராவாரம் வந்த தொடர் அது. அத்தியாயங்கள் அதிகம் நீளமில்ல, நிறைய இடத்துல ஒரு முடிச்சோட நிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு உட்காருதல்ல ஒரு அத்தியாயம் சரியா இருந்துச்சு. ஆழ்வார்க்கடியான் சண்டை போடற இடத்துல நான் குரலை மாத்திப் படிச்சேன். கேவலமா இருந்துச்சு, ஆனா ரெண்டு பேரும் சிரிச்சாங்க. புரியாத வார்த்தைக்கு அம்மாயி நடுவுல அர்த்தம் சொன்னாங்க. கடம்பூர் மாளிகையில நள்ளிரவுக் கூட்டம் வந்த அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, நிறுத்திட்டேன். சாயந்தரம் பார்த்தா திண்ணையில புத்தகத்தோட உட்கார்ந்திருந்தான், விரலை வச்சு வரி வரியா. ரெண்டு பக்கம் தாண்டியிருப்பான். "அண்ணா, சதின்னா பிளான் போடறதுதானே?"

அவன் புத்தகப் புழுவா மாறிட்டான்னு சொல்ல மாட்டேன். முதல் பாகத்தையே நாங்க முடிக்கல. ஆனா அந்த ரெண்டு பக்கத்தை அவன் யார் கையெழுத்துக்காகவும் படிக்கல.

சித்தி கேட்ட கேள்வி நியாயமானது: கேட்டுட்டே இருந்தா படிக்கவே மாட்டானே? ஆடியோ மட்டும் ஓட விட்டா அப்படி ஆகலாம். பெருக்கல்ல இன்னொரு பக்கமும் வேணுமே. அதனால புத்தகம் அவன் கண்ணுக்கு முன்னாடி திறந்தே இருக்கணும், நீங்க படிக்கும்போது அவன் கண்ணு வரி மேல ஓடணும். பொன்னியின் செல்வன்தான்னு கட்டாயமும் இல்ல. முத்து, லயன் காமிக்ஸ் குடுங்க, தப்பே இல்ல. துளிர் மாதிரி அறிவியல் இதழ் பிடிக்கலாம். கி. ராஜநாராயணன் கதைகள் பேச்சு நடையிலேயே இருக்கறதால சத்தமா படிக்க அருமையா இருக்கும் (முன்னாடியே ஒரு தடவை நீங்க மட்டும் படிச்சுடுங்க, சிலது அம்மாயி முன்னாடி படிக்க முடியாது). கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனதால மதுரைத் திட்டம் தளத்துல இலவசமாவே இருக்கு. கிளை நூலகம் பக்கத்துலயே இருக்கும், வீட்டு வரியோட நூலக வரியும் நம்ம வீட்டுல கட்டிட்டுத்தான் இருக்காங்க.

இதை ஏன் நம்மகிட்ட சொல்றேன்? அப்பா அம்மா படிச்சுக் காட்டினா அது டியூஷன் ஆயிடும். அண்ணன், அக்கா படிச்சா டைம்பாஸ். அதோட எட்டாவது முடிஞ்சதும் பல வீடுகள்ல ஃபவுண்டேஷன் கோர்ஸ் ஆரம்பிச்சுடுது, அப்புறம் லீவுன்னு ஒண்ணு கிடையாது. என் தம்பி இப்ப எட்டாவது. அவனுக்குச் சும்மா இருக்கக் கிடைக்கற கடைசி மே மாசம் இது.

எனக்கும்தான். ஜூலையில வேலையில சேரணும். ஃபைனல் ரிவ்யூ முடிஞ்ச மறுநாளே கோபிக்கு பஸ் ஏறப் போறேன். போன வருஷம் நிறுத்தின பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வச்சேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்காம், அம்மாயி போன்ல சொன்னாங்க. கண்ணு சரியானப்புறமும் மேல படிக்காம வச்சிருக்காங்க.