பாவம் பார்த்த பத்து நிமிடம்

எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் குரல் கொடுப்பது கறுப்பிதான். 7 வருடங்களுக்கு முன் தம்போயில் ஓர் ஒட்டுக்கடைக்குப் பின்னால் மழையில் நனைந்தபடி கிடைத்த குட்டி. போன மாதம் ஒரு வாரமாக அவள் குரைக்கவே இல்லை. சாப்பாட்டைத் தொடவில்லை, தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தாள்.

"ஜேபி வெயிலுக்கு மனுசனே தண்ணியாத்தானே குடிக்கிறான்" என்றார் அம்மா. நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

கிளினிக்கில் ஸ்கேன் எடுத்த டாக்டர், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, இன்றே அறுவை செய்ய வேண்டும் என்றார். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, அதிலும் வயது கூடியவற்றுக்கு வரும் நோய் இது. 'ஹீட்' முடிந்த சில வாரங்களில் தலைகாட்டும். அதிகத் தாகம், சோர்வு, பசியின்மை ஆகியவை அடையாளங்கள். சிலவற்றுக்குச் சீழ் வெளியே கசியும். கசியாமல் உள்ளேயே தேங்கினால் ஆபத்து இன்னும் அதிகம்.

கறுப்பி பிழைத்தாள். மறுநாள் மாலை, வயிற்றில் தையலும் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்புமாக வீட்டுக்கு வந்தாள். 14 நாளைக்கு ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, கூம்பைக் கழற்றக்கூடாது. கையில் கொடுத்த தாளில் எல்லாமே 'கூடாது'தான்.

நம் வீடுகளில் நோயாளி என்றால் எதையாவது செய்தாக வேண்டும். அன்றிரவு கறுப்பி முனகியதும் அம்மா பனடோல் அட்டையோடு வந்தார். "பாதி குடுத்தா வலி கொறையும்மா." நல்லவேளை, டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பனடோலில் உள்ள பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்த அணுக்களையும் கெடுத்துவிடும். இபுபுரோஃபென் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். நாய்க்கென்று டாக்டர் எழுதித் தந்த மாத்திரை மட்டும்தான். தையல் மீது மஞ்சள் பூசவும் நான் விடவில்லை.

இவ்வளவு கண்டிப்பாக இருந்த நான்தான் நான்காம் நாள் தவறு செய்தேன்.

கூம்போடு கதவிலும் நாற்காலியிலும் இடித்துக்கொண்டு, என் காலடியில் வந்து நின்று பார்த்தாள். மனசு கேட்கவில்லை. பத்து நிமிடம்தானே என்று கழற்றிவிட்டு, தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது தரையில் ரத்தம். நக்கியும் கடித்தும் இரண்டு தையலைப் பிரித்திருந்தாள்.

இரவோடு இரவாக மீண்டும் கிளினிக், மீண்டும் மயக்க ஊசி, மீண்டும் தையல். வளர்க்கும் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். அதைப் பற்றி வானொலியில் வாய் வலிக்கப் பேசியவள் நான்.

அதன்பிறகு கூம்பு கழுத்தைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர்ச் சட்டியைக் கூம்புக்குள் அடங்கும்படி சிறியதாக மாற்றினோம். வழுக்காமல் இருக்கத் தரையில் பாய் விரித்தோம். சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே அழைத்துப் போவோம். காலையும் மாலையும் தையலைப் பார்ப்பது அம்மாவின் வேலை: சிவப்பு, வீக்கம், கசிவு, நாற்றம் இருக்கிறதா? ஈறு வெளுத்திருக்கிறதா? ஒன்று தென்பட்டாலும் உடனே டாக்டருக்கு அழைக்க வேண்டும்.

இரண்டாம் முறை போட்ட தையலையும் போன வாரம் பிரித்தாயிற்று. வீட்டுக்குத் திரும்பியதும் கடிதம் கொண்டுவந்தவரைப் பார்த்துக் கறுப்பி தெருவே அதிரக் குரைத்தாள். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார், சிரித்துக்கொண்டே.

குட்டியிலேயே கருத்தடை செய்திருந்தால் இத்தனை பாடு கறுப்பிக்கு வந்திருக்காது. அன்றைக்கும் 'பாவம், சின்னக் குட்டி' என்றுதான் தள்ளிப்போட்டோம். உங்கள் வீட்டிலும் ஒரு கறுப்பி இருந்தால், இந்த வாரமே டாக்டரைக் கேளுங்கள்.