எதிர்வீட்டில் யார்?

ஐப்பசி பிறந்தாலே எங்கள் அடுக்குமாடியில் மழைக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடும். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி, தண்ணீர் கேன், மெழுகுவர்த்தி, பவர் பேங்க். வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். காருக்கு இடம் பார்த்தாயிற்று, சரி. எதிர்வீட்டுப் பெரியவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவரா, லிஃப்ட் நின்றால் அவரால் படியிறங்க முடியுமா? கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறோம்.

2015 டிசம்பர் முதல் தேதியைச் சென்னை மறக்க முடியுமா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரர்களை மேலே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தது மாடிவீட்டுக்காரர்கள். படகோடு தெருவுக்குள் வந்தது மீனவர்கள். 1995-ல் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோதும் இதே கதைதான்: உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது அக்கம்பக்கத்தார். அரசாங்கம் வரும், வர நேரமாகும். அதுவரை பக்கத்துவீடுதான்.

இவ்வளவு பார்த்தும் தண்ணீர் வடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி முதலிலிருந்து பெயர் கேட்டுக்கொண்டிருந்தோம். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்கிறார்கள். டவர் போனால் அதுவும் போயிற்று! பெயரைக்கூட விட்டுவிட்டு 'மூணு சி', 'ரெண்டு ஏ' என்றே ஒருவரையொருவர் குறிப்பிடுகிறோம். "அவர் தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பார்" என்பதை இங்கே பாராட்டாகச் சொல்கிறோம்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். பதினோரு மாதத்தில் போகிறவர்கள்தானே என்று அசோசியேஷன் கூட்டத்துக்குக் கூப்பிடுவதேயில்லை. வீட்டுச் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். தண்ணீர் ஏறும்போது கட்டடத்தில் இருக்கப்போவது அந்த வாடகைக் குடும்பம்தானே? அந்த வீட்டுப் பெண் நர்ஸாக இருக்கலாம். நமக்குத் தெரியாது.

போன கூட்டத்தில் ஒன்றுதான் கேட்டேன். எந்த வீட்டில் தனியாக வயதானவர்கள், யாருக்கு டயாலிசிஸ், எங்கே கைக்குழந்தை, யாரிடம் யாருடைய மாற்றுச்சாவி, இவற்றை எழுதி வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைப்போம். விருப்பமுள்ளவர்கள் எழுதினால் போதும். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், முகமாவது பழகும். "யார் சார் இதையெல்லாம் பார்க்கிறது?" என்றார் ஒருவர். பிறகு முக்கால் மணி நேரம் பார்க்கிங் பற்றிப் பேசி, தீர்மானமும் போட்டார்கள். நோட்டு விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த கூட்டம் பொங்கல் கழிந்துதானாம். அதற்குள் வடகிழக்குப் பருவமழையே வந்து போய்விடுமே என்றேன். யாரும் மறுக்கவில்லை, தேதியையும் மாற்றவில்லை.