'ஊ சொல்றியா மாமா': சமந்தாகிட்ட மட்டும் கேட்ட கேள்வி

2021-ல் வந்த 'புஷ்பா' பாட்டு இது. நீங்களும் ரீல்ஸ் போட்டிருப்பீங்க. ஒருமுறை கண்ணை மூடிக்கிட்டு வரிகளை மட்டும் கேளுங்க. பொண்ணு சேலை கட்டினாலும் குட்டை கவுன் போட்டாலும் ஆம்பளைங்க பார்வை ஒண்ணுதான்னு நக்கலடிக்குது. ஆந்திராவில் ஓர் ஆண்கள் அமைப்பு வழக்கு வரைக்கும் போச்சு!

இப்போ சவுண்டை மியூட் பண்ணிட்டுப் பாருங்க. வரிகள் எந்தப் பார்வையைத் திட்டுதோ, அதே பார்வையோடதான் கேமரா சமந்தாவைச் சுத்தி வருது. சினிமாவில் கேமரா ஆணின் கண்ணாகவே இயங்குதுன்னு லாரா மல்வி எழுதினது 1975-ல்.

அப்போ சமந்தா ஏமாந்துட்டாங்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த அக்டோபரில்தான் கணவரைப் பிரியுறதா அறிவிச்சிருந்தாங்க. 'இப்போ இந்தப் பாட்டு வேணாம்'னு நெருக்கமானவங்களே சொல்லியும், தப்பு செய்யாத நான் ஏன் ஒளியணும்னு கேட்டு ஆடினாங்க. முதல் ஷாட்டுக்கு முன்னாடி பயத்தில் நடுங்கினதாகவும் பின்னாடி சொல்லியிருக்காங்க. துணிச்சல், நடுக்கம் ரெண்டுமே நிஜம்தான்.

'அவளோட சாய்ஸ்' என்பது ஒரு பெண்ணியக் குரல். 'தன்னையே காட்சிப்பொருளாக்கிக்கிறது விடுதலை ஆகிடுமா?' என்பது இன்னொரு குரல். ஏரியல் லெவி 2005-ல் இதுக்காக ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு ரெண்டாவது பக்கம்தான் சாய்வு. ஆனா, அந்தக் கேள்வி ஏன் ஆடினவங்களோடயே நின்னுடுது? சாய்ஸ் இருந்தது அவங்களுக்கு மட்டுமா? இயக்கம் சுகுமார், இசை தேவிஸ்ரீ பிரசாத், தமிழ் வரிகள் விவேகா, நடனம் கணேஷ் ஆச்சார்யா. 'ஏன் ஒத்துக்கிட்டீங்க?'ன்னு இவங்க யார்கிட்டயாவது நாம கேட்டோமா?