மொட்டைமாடித் தளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வீடு கட்ட வருபவர்கள் கூடத்துக்கு கிரானைட்டா, விட்ரிஃபைட் டைல்ஸா என்று வரைபடம் கைக்கு வரும் முன்பே தீர்மானித்திருப்பார்கள். மொட்டைமாடித் தளத்துக்கு என்ன போடுவது என்று கேட்டால் மட்டும், "அதைக் கடைசியில பாத்துக்கலாம் மேடம்" என்பார்கள். கடைசியில் கையில் பணம் இருக்காது. கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பூசி, ஒரு கோட்டிங் அடித்து, கிரகப்பிரவேசத்தை முடித்துவிடுவார்கள். அடுத்த சித்திரையில் நள்ளிரவிலும் படுக்கையறைக்குள் அனல் இறங்கும். ஐப்பசியில் சீலிங்கில் ஈரம் படரும். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டட வேலைகளை மேற்பார்வையிடும் பொறியாளராக நான் வற்புறுத்துவது இதைத்தான்: நம் வெயிலையும் மழையையும் நேராக வாங்குவது மொட்டைமாடி. கூடத்துத் தரைக்கு முன்னால் அதற்கான பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் காயும் கான்கிரீட் அதைவிடப் பல டிகிரி அதிகமாகச் சுடும். பத்து மீட்டர் நீளமுள்ள தளத்தின் வெப்பம் 30 டிகிரி ஏறினால், அது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். வெயில் காலம் முழுக்க தினமும் இப்படி நீண்டு சுருங்கினால் மேலே பூசிய சிமென்ட் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை அந்த வெடிப்பு வழியே கம்பிவரை இறங்கும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். துருப்பிடித்த கம்பி பருத்து, சீலிங் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

இதற்கு நம் ஊர்க் கொத்தனார்கள் கண்ட விடை சுருக்கி. என் அம்மா சுருக்கி அடித்தவர். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். தளம் இறுகிய பிறகு மேலே தட்டோடு பதிப்பார்கள். கைகள் காய்த்துப்போகும் வேலை அது, கூலியோ குறைவு. அந்தப் பெண்கள் கையால் உருவான தளங்கள் பல தலைமுறைகள் ஒழுகாமல் இருந்திருக்கின்றன.

செங்கல் ஜல்லியில் உள்ள நுண்துளைகள் வெப்பம் கீழே இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. சுண்ணாம்பு, சிமென்டைவிட வளைந்துகொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து அடைத்துவிடும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வாட்டமும் இந்த அடுக்கிலேயே அமைந்துவிடுவதால் தண்ணீர் தேங்காது. இன்று பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிட்டு, அதையும் சுருக்கி என்கிறார்கள். ஜல்லி ஒன்றுதான்; ஆனால் வளைந்துகொடுக்கும் குணம் போய்விடுகிறது.

இப்போது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் செய்த பலகைகளை மாடியில் விரிப்பது பரவிவருகிறது. படத்தில் அழகாக இருக்கும். அடர்ந்த நிறப் பலகை மே மாத மதியத்தில் வெறுங்காலை வைக்கவிடாது. கான்கிரீட்டைவிட அதிகமாக நீளும் பொருள் என்பதால் இடைவெளி விடாமல் பொருத்தினால் வளைந்து எழும்பும். அடியில் சருகு சேர்ந்து வடிகுழாயை அடைக்கும். ஒழுகினால் எங்கே என்று தேடவே பலகைகளைக் கழற்ற வேண்டும். கடற்காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடிக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். நிழல் விழும் முற்றத்திலோ தாழ்வாரத்திலோ இந்தப் பலகையைப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. திறந்த மாடிக்கு வேண்டாம். செயற்கைப் புல்லும் கறுப்புக் கடப்பாக் கல்லும் அங்கே கூடவே கூடாது. இரண்டும் வெயிலை உறிஞ்சும்.

என் சிபாரிசு, புது வீட்டுக்குச் சுண்ணாம்புச் சுருக்கியும் அதன்மேல் தட்டோடும். தெரிந்து செய்யும் ஆட்கள் கிடைக்காவிட்டால், வாட்டம் சரியாகக் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் சொரசொரப்பான வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். வழவழப்பானவை மழையில் வழுக்கும். எதைப் போட்டாலும், தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒழுகல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய வீட்டின்மேல் புதிதாகச் சுருக்கி போடுவதாக இருந்தால் முதலில் பொறியாளரைக் கேளுங்கள். நான்கு அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ கனக்கும். தாங்காத கட்டடத்துக்கு, வெடிப்புகளை அடைத்து வெள்ளை அடிப்பதே நல்லது. அழுக்கேறினால் கழுவ வேண்டும். மங்கினால் மறுபடி அடிக்க வேண்டும்.

இதை வீட்டுக்காரரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடவும் கூடாது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பை வெயிலைத் திருப்பியனுப்பும்படி மாற்ற இலக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாடு 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி வழிகாட்டிய மாநிலம். அந்த மழைநீரைப் பிடித்துத் தருவதும் மொட்டைமாடிதான். கட்டட அனுமதி வரைபடத்தில் சேகரிப்புக் குழியைக் காட்டச் சொல்வதுபோல், மாடித் தளத்தின் அடுக்குகளையும் நிறத்தையும் காட்டச் சொல்லலாம். சுருக்கி அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே, தொழிற்பயிற்சி நிலையங்களில் அவர்களை நல்ல சம்பளத்தில் ஆசிரியர்களாக வைத்து இளைஞர்களுக்குக் கற்றுத்தரலாம்.

வீடு கட்டப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தக்காரர் தரும் எஸ்டிமேட்டில் மொட்டைமாடித் தளத்துக்கு என்ன பொருள், எத்தனை அங்குலம், எவ்வளவு வாட்டம் என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதவைத்துவிட்டு, பிறகு முன்பணம் கொடுங்கள்.