மாணவர் கையில் ஓர் இதயக் குழாய்

விழாக் காணும் கல்லூரிக்குப் பழைய மாணவர் செய்யத்தக்க கைம்மாறு யாது என வினவின், மண்டபம், வளைவு, ஒலிபெருக்கி என விடை கூறுவதே வழக்கமாகிவிட்டது. அவை வேண்டாதன என்பது எம் கருத்தன்று. ஆயினும், கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையுள்ள நம் கடலோரத்துப் பிள்ளைகள் பலருக்கு விஞ்ஞானம் குறிப்பெழுதி மனனஞ் செய்யும் பாடமாகவே இருக்கின்றது. கருவிகள் சில இடங்களில் இல்லை. உள்ள இடங்களிலோ, உடைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அலுமாரிக்குள் பூட்டுண்டு கிடக்கின்றன. எவ்வாறாயினும் மாணவன் கை கருவியைத் தீண்டாமலே போகின்றது. இக்குறையை ஒரு புனலும் ஒரு முழக் குழாயுங் கொண்டே ஓரளவு நீக்கலாம் என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பை அறியாதார் இலர். அக்கருவி பிறந்த வரலாற்றை அறிந்தார் சிலரே. 1816 ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்னும் மருத்துவர், இதய நோயின் குறிகள் தோன்றிய இளம்பெண் ஒருத்தியைப் பரிசோதிக்க நேர்ந்தது. மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது அவ்விடத்துத் தகாதெனக் கருதிய அவர், காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதய ஒலி முன்னெப்போதினும் தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தாற் குழாய் கடைந்து, பல நோயாளரிடம் ஆராய்ந்து, 1819 இல் நூலும் வெளியிட்டார். இரு காதிலும் பொருத்தும் வடிவம் 1850களிலேயே வழக்கில் வந்தது. ஆகவே, உலகின் முதல் ஸ்டெதஸ்கோப்பு கையிற் கிடைத்த காகிதமே. ஐயமுடையோர் இம்மலரையே சுருட்டி வீட்டிலுள்ள ஒருவரின் நெஞ்சில் வைத்துக் கேட்டறிவாராக.

மாணவர் இதனினும் திருந்திய ஒன்றைச் செய்யலாம். எண்ணெய் வார்க்கும் சிறு புனல் ஒன்று, மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயில் ஒன்றரை அடித் துண்டு, ஒரு பலூன், ஓர் இறப்பர் வளையம், சிறிது ஒட்டுநாடா என்பனவே வேண்டும் பொருள்கள். குழாயைப் புனலின் காம்பில் இறுகப் பொருத்தி, காற்றுக் கசியாவண்ணம் நாடாவாற் சுற்றுக. பலூனின் கழுத்தை வெட்டி நீக்கி, எஞ்சிய தோலைப் புனலின் வாய்மீது தொய்வின்றி இழுத்து வளையத்தாற் கட்டுக. அவ்வாயை மார்பின் நடுவிற்குச் சற்று இடப்புறமாக அழுத்தி, குழாயின் மறுமுனையை, செவித்துளையினுட் செருகாது, காதோடு அணைத்துப் பிடிக்க. மார்பின் அதிர்வு பலூன் தோலை அசைக்கும். புனலுள் அடைபட்ட காற்று அவ்வசைவை நாற்றிசையுஞ் சிதறவிடாது காதுக்குக் கொண்டுசேர்க்கும்.

அப்பொழுது ஈரொலிகள் மாறிமாறிக் கேட்கும். சோணையறைகளுக்கும் இதயவறைகளுக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது முதலொலியும், இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்லும் பெருநாடிகளின் வாயிலுள்ள வால்வுகள் மூடும்போது இரண்டாமொலியும் எழுகின்றன. புத்தகப் படத்தில் அம்புக்குறியாகக் கண்ட வால்வைத் தன் செவியாற் கேட்ட மாணவன் பின்னர் அதனை எளிதில் மறப்பானல்லன்.

கருவி ஆனபின்னரே பாடம் தொடங்குகின்றது. முப்பது விநாடி எண்ணி இரட்டித்தால் ஒரு நிமிடத் துடிப்புக் கிடைக்கும். இளைப்பாறியிருக்கும் வளர்ந்தோர்க்கு அது பெரும்பாலும் 60 முதல் 100 வரையாகும். உடப்புக் கரையில் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இசையக் கரைவலை இழுத்து வரும் தந்தைக்கு அது எவ்வளவு? அவர் அமர்ந்து ஐந்து நிமிடத்தின் பின் எவ்வளவு? குழாயை நீட்டினால் ஒலி மங்குமா? பலூனை நீக்கினால் யாது நிகழும்? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கற்பிட்டியில் வகுப்பறைக் கதவை அடைத்தும் திறந்தும் கேட்டால் என்ன வேறுபாடு? இவற்றுக்கு விடை ஆசிரியரின் குறிப்பில் இல்லை. மாணவன் தானே கேட்டு, எண்ணி, எழுதவேண்டியவை.

இஃதோர் விளையாட்டுப் பொருள். பணந் திரட்டி நல்ல கருவி வாங்கிக் கொடுப்பதே நன்று என்பாரும் உளர். வாங்கிக் கொடுத்தலும் வேண்டும். ஆனால் வாங்கிய கருவி பழுதுற்றால் மாணவன் அஞ்சி ஒதுங்குவான்; தான் செய்த கருவி பழுதுற்றால் காரணந் தேடுவான். பொருட்டட்டுப்பாடு மிக்க காசாவில் மருத்துவர் தாரெக் லூபானியும் அவர் குழுவினரும் முப்பரிமாண அச்சுப்பொறி கொண்டு குறைந்த செலவிற் செய்த ஸ்டெதஸ்கோப்பு, பெயர்பெற்ற கருவியொன்றோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, ஒலியைக் கடத்துவதில் அதற்கு நிகரானதென 2018 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டிற்று. செய்ததோடு நில்லாது அளந்து காட்டியமையே அவர்தம் சிறப்பு.

அவ்வளவைக்கு உட்படாத நம் புனற்குழாயால் நோயறிய முற்படுதல் கூடாது. நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ கண்டவரை உடனே மருத்துவரிடம் சேர்ப்பதே கடன். காதிற் குழாய் இருக்கையில் மறுமுனையிற் கூவுதலும் ஊதுதலும் தீங்கு விளைக்கும். இவற்றைச் செய்முறையோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

ஆதலின் எம் விண்ணப்பம் இது: ஆண்டுக்கொரு நாள், பழைய மாணவருள் மருத்துவரும் தாதியரும் ஆசிரியரும் மேசன்மாரும் கடற்றொழிலாளரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து இக்கருவியைச் செய்வாராக. அயற் கிராமப் பாடசாலைகளையும் அழைப்போமாக. ஒரு வகுப்புக்கு வேண்டும் பொருளெல்லாம் ஒரு வரவேற்பு வளைவின் செலவிற் சிறு பங்கும் ஆகா. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கினார். வேற்று நாட்டவர் ஒருவர் நம் மொழியில் அத்துணை செய்தாரெனின், நம் பிள்ளைகளுக்கு ஒரு நாட் பொழுதை நாம் ஈதல் அரிதன்று. அடுத்த தவணையிலேயே அதனைத் தொடங்குவோமாக.